கணையத் தலையில் கட்டி: பழைய அழற்சியா, புற்றா? எம்ஆர்ஐயில் தெரியுமா?

அந்தியூர்ப் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. அப்பாவுக்காகக் கேட்கிறேன். வயது 56. அந்தியூர்ப் பக்கம் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போடுகிற விவசாயி. இளவட்டத்திலிருந்தே அவருக்கு வயிற்று வலி உண்டு. முப்பது வயது வாக்கில் கணையத்தில் கல் இருக்கிறது என்றார்கள். அப்புறம் சர்க்கரை வந்து இன்சுலின் போட ஆரம்பித்தார். வலி வந்தால் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு படுத்துக்கொள்வார், கஞ்சி மட்டும் குடிப்பார், வலி விட்டதும் எழுந்து காட்டுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அது பழகிப்போன விஷயம்.

இந்தத் தடவை அப்படி இல்லை. ஆள் பாதியாகிவிட்டார். இடுப்பில் போட்டிருக்கிற வெள்ளி அரைஞாண் கொடி கீழே இறங்கித் தொங்குகிறது. கட்டுக்குள் இருந்த சர்க்கரை இன்சுலின் கூட்டியும் இறங்கவில்லை. அப்புறம் கண் மஞ்சளானது, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகிறது, ராத்திரியெல்லாம் உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். காமாலைக்குப் பச்சிலை கொடுக்கிறவரிடம் கூட்டிப் போகச் சொன்னார்கள். நான் கேட்காமல் ஈரோட்டில் சிடி ஸ்கேன் எடுத்தேன்.

ரிப்போர்ட்டில் கணையத்தின் தலைப் பகுதியில் சுமார் 3 செ.மீ. கட்டி, கணையம் முழுக்கக் கல், நாள்பட்ட அழற்சியால் வந்த கட்டியா புற்றுநோயா என்று பிரித்துச் சொல்ல எம்ஆர்ஐயும் எம்ஆர்சிபியும் எடுக்கவும் என்று போட்டிருக்கிறது. ஒரு சர்ஜன், எதுவானாலும் ஆபரேஷன்தான் என்கிறார். இன்னொரு இடத்தில், முதலில் பித்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்துக் காமாலையை இறக்குவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம், நாளைக்கே அட்மிட் ஆகுங்கள் என்கிறார்கள். மாமா, "ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்துட்டே இருந்தா ஆளு தாங்காது" என்று சத்தம் போடுகிறார்.

இரண்டையும் எம்ஆர்ஐ பிரித்துக் காட்டிவிடுமா? ஸ்டென்டுக்கு முன்னால் எடுப்பதா, பின்னாலா? இன்னொன்றும் மனதை அறுக்கிறது. சொந்தக்காரர்கள் சிலர், குடிக்காமல் கணையம் கெடுமா என்று காதுபடப் பேசுகிறார்கள். அப்பா கள்ளுகூடத் தொட்டதில்லை. குச்சிக்கிழங்கு சாப்பிட்டதால் வருமா என்றும் ஒருத்தர் கேட்டார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாராபுரத்துக்காரி:

தம்பி, கோவையில் வயிற்று எம்ஆர்ஐ படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. அப்பாவின் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் என்று சொல்லமாட்டேன். நீங்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்டென்ட். காய்ச்சலும் குளிர் நடுக்கமும் இருந்தால் அது பித்தக் குழாயில் சீழ் பிடித்ததன் அறிகுறி. அப்போது ஸ்டென்ட் உடனே வைத்தாக வேண்டும், எம்ஆர்ஐக்குக் காத்திருக்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லையென்றால், எம்ஆர்ஐயை முன்னால் எடுத்துவிட முடியுமா என்று அந்த டாக்டரிடம் இன்றைக்கே கேளுங்கள். ஸ்டென்ட் வைக்கும்போது கணையத் தலையைச் சுற்றிப் புதிதாக அழற்சி வரலாம். விரிந்திருந்த பித்தக் குழாய் சுருங்கிவிடும். உலோக ஸ்டென்டாக இருந்தால் அந்த இடத்துப் படமும் கெடும். எது பழையது, எது நோய், எது ஸ்டென்டால் வந்தது என்று எங்களால் பிரிக்க முடியாமல் போகிறது. ஸ்டென்டுக்குப் பிறகு எடுத்த படங்களோடு மல்லாடுகிற ஒவ்வொரு முறையும், முன்னாடியே அனுப்பியிருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

எம்ஆர்ஐ பிரித்துக் காட்டுமா? பல நேரம் காட்டும். சில நேரம் ஒரு பக்கமாகச் சாய்த்துச் சொல்வதோடு நிற்கும். காரணம் இது. நல்ல கணையம் எம்ஆர்ஐயின் ஒரு வகைப் படத்தில், டி1 என்போம், வயிற்றில் இருக்கிற மற்ற உறுப்புகளைவிட வெளிச்சமாகத் தெரியும். அதில் புற்று வந்தால் கறுப்பாகத் தனித்துத் தெரிந்துவிடும். ஆனால் வருடக்கணக்காக அழற்சி இருந்த கணையத்தில் தழும்புத் திசு நிறைந்து, உறுப்பு முழுக்கவே கறுத்துப் போயிருக்கும். கறுப்புக்குள் கறுப்பைத் தேட வேண்டியிருக்கிறது. கணையப் புற்றிலும் தழும்புத் திசு ஏராளம். கான்ட்ராஸ்ட் ஊசி போட்டால் இரண்டுமே மருந்தை மெதுவாகத்தான் வாங்கும். டிஃப்யூஷன் என்ற படம் திசுவுக்குள் தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று காட்டும். புற்றில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் நகர்வு குறையும். கெட்டியான தழும்பிலும் குறையும். அதனால் டிஃப்யூஷனில் வருகிற எண்ணை மட்டும் வைத்து யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், இரண்டு நோய்க்கும் அந்த எண்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன.

நான் முதலில் பார்ப்பது கணையக் குழாயை. எம்ஆர்சிபி என்பது அந்தக் குழாயையும் பித்தக் குழாயையும் மட்டும் வெள்ளைக் கோடுகளாக எழுப்பிக் காட்டுகிற படம். இதற்கு ஊசிகூட வேண்டாம், உள்ளே இருக்கிற நீரே வெளிச்சமாகத் தெரியும். கட்டி இருக்கிற இடத்தில் அந்தக் கோடு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. உங்கள் காட்டில் சொட்டுநீர்க் குழாய் மேல் மண் சரிந்தால் குழாய் நசுங்கும், ஆனாலும் தண்ணீர் அந்தப் பக்கம் போகும். குழாயையே வெட்டிவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அழற்சிக் கட்டியில் பெரும்பாலும் முதல் விதம்: குழாய் மெலிந்தாலும் ஓரம் வழவழப்பாக, கட்டியை ஊடுருவி மறுபக்கம் வந்துவிடும். புற்றில் பெரும்பாலும் இரண்டாவது: சட்டென்று நிற்கும், அதற்கு மேலே வால் பக்கம் முழுக்க வீங்கியிருக்கும். ஊடுருவிப் போகிற இந்த அடையாளத்தை 2001இல் ஜப்பானிய ரேடியாலஜிஸ்டுகள் எழுதினார்கள். இன்றைக்கும் எங்கள் கையில் இருக்கிற நல்ல தடயங்களில் அது ஒன்று.

ஆனால் கல் இருப்பவர்களுக்கு இதிலும் ஒரு சிக்கல். குழாய்க்குள் பெரிய கல் அடைத்தாலும் கோடு சட்டென்று நிற்கும். கல் எம்ஆர்ஐயில் சரியாகத் தெரியாது, சிடியில் பளிச்சென்று தெரியும். இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோடு நின்றது கல்லாலா கட்டியாலா என்று சொல்ல முடியும். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற ஸ்கேன்கள் இல்லை.

இதைவிட முக்கியம் பழைய படங்கள். முன்பு எடுத்த சிடி, பழைய ஸ்கேன், எதுவாக இருந்தாலும் பீரோவிலிருந்து தேடி எடுங்கள். ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, ஃபிலிமோ டிஸ்கோ வேண்டும். கட்டி அப்போதே அங்கே இருந்ததா, குழாய் அப்போது எவ்வளவு அகலம், கற்கள் எங்கே இருந்தன என்று ஒப்பிட்டால், புது மெஷினில் தெரியாதது பழைய படத்தில் தெரிந்துவிடும். மெஷினின் காந்த பலம் 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா என்று விசாரிக்கிற அக்கறையை இதில் காட்டுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது: நாலிலிருந்து ஆறு மணி நேரம் வெறும் வயிறு கேட்பார்கள். அப்பா இன்சுலின் போடுபவர், வழக்கமான அளவைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அன்றைக்கு எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள், காலை முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்த ரிப்போர்ட் கையில் இருக்கட்டும். சில இடங்களில் எம்ஆர்சிபிக்கு முன் அன்னாசிப் பழச்சாறு குடிக்கக் கொடுப்பார்கள். அதில் மாங்கனீசு இருப்பதால் இரைப்பையில் நிற்கிற தண்ணீரின் வெளிச்சத்தை அடக்கி, குழாய்களை மட்டும் தெளிவாகத் தெரியவைக்கும். சர்க்கரை நோயாளி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூச்சடக்கப் பழக்குங்கள். மல்லாந்து படுத்து, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, பதினைந்து இருபது விநாடி அடக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு விட வேண்டும். வீட்டில் கட்டிலில் படுக்கவைத்து நீங்கள் எண்ணுங்கள். மூச்சு கலைந்தால் கணையம் மேலும் கீழும் போய்ப் படம் மங்கிவிடும்.

அந்த அரைஞாண் கொடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். நம் பக்கத்துப் பெரியவர்கள் அதை லேசில் கழற்றமாட்டார்கள், எனக்குத் தெரியும். வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்று வாதம் செய்பவர்களும் உண்டு. வயிற்றைச் சுற்றி வளையமாகக் கிடக்கிற உலோகத்தில் மின்சாரம் ஓடிச் சூடேறும், தோல் சுடும். படமும் கெட்டுப்போகும். திருகு இருந்தால் கழற்றலாம், இல்லையென்றால் ஆசாரியிடம் முதல் நாளே போய் எடுத்துவிட்டு, கறுப்புக் கயிறு கட்டிவிடுங்கள். ஸ்கேன் ரூம் வாசலில் வைத்து அறுக்கச் சொன்னால் அவர் மனசு நொந்துபோகும்.

கடைசியாகக் குடி, கிழங்கு பேச்சு. குடிக்காதவர்களுக்கே, சிறு வயதிலேயே, கணையத்தில் பெரிய பெரிய கல்லும் பிறகு சர்க்கரையும் வருகிற நோய் ஒன்று தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கிறது. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்று பெயர். மரவள்ளிக்கிழங்கு, அதாவது நம் குச்சிக்கிழங்கு மேல் ஒரு காலத்தில் பலமாகச் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கிழங்கே சாப்பிடாத இடங்களிலும் இந்த நோய் இருக்கிறது, காரணம் அதுதான் என்று நிரூபணமாகவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு இது அதிகம் என்பது பின்னால் தெரியவந்தது. அப்பா ஒரு தப்பும் செய்யவில்லை. பேசுகிறவர்கள் முன்னால் அவரைத் தலைகுனிய விடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பதும் உண்மை. பழகிய வலியின் குணம் மாறி, எடை குறைந்து, சர்க்கரை திடீரென்று கைமீறினால் உடனே பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். நீங்கள் பச்சிலைக்குப் போகாமல் ஸ்கேனுக்குப் போனது நல்லது.

கோபி மாப்ள:

தம்பி, எங்கள் மச்சானுக்கும் இதே மாதிரி காமாலை, கணையத் தலையில் வீக்கம், புற்று என்றே சொல்லிவிட்டார்கள். வீட்டில் அழுகை. ஆபரேஷனுக்கு நாள்கூடக் குறித்தாயிற்று. எம்ஆர்ஐ பார்த்த டாக்டர்தான், கணையம் முழுக்கவே ஒரே சீராக வீங்கியிருக்கிறது, சுற்றிலும் ஒரு விளிம்பு தெரிகிறது, இது வேறு மாதிரி இருக்கிறது, ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனை பாருங்கள் என்றார். எக்கச்சக்கமாக இருந்தது. ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்துவிட்டு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். அடுத்த எம்ஆர்ஐயில் வீக்கம் வடிந்துவிட்டது. இன்றைக்குத் தறி ஓட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார். அந்த டெஸ்டையும் கேட்டுப் பாருங்க.

தாராபுரத்துக்காரி:

கோபிக்காரர் சொல்வது தன்னுடல் தாக்கும் கணைய அழற்சி. மச்சான் நலமாக இருப்பது கேட்டு மனசு நிறைகிறது. ஐஜிஜி4 பார்ப்பது நியாயம்தான், நம்மில் யார் டாக்டரானாலும் கேட்க வேண்டிய டெஸ்ட். ஆனால் தம்பி, அப்பாவுக்கு இருப்பது இத்தனை வருடக் கல்லோடு கூடிய வேறு நோய். கணையப் புற்று உள்ளவர்களில் சிலருக்கும் ஐஜிஜி4 கொஞ்சம் ஏறியிருக்கும். கொஞ்சம் ஏறியதைப் பார்த்துவிட்டு, சரி ஸ்டீராய்டு போட்டுப் பார்ப்போம் என்று யாரும் இறங்கக் கூடாது. புற்று இல்லை என்று திசு பார்த்த பிறகு, ஸ்பெஷலிஸ்ட் பார்வையில், குறைந்த நாளுக்குக் கொடுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துச் சரிபார்க்கிற சிகிச்சை அது. சர்க்கரை வேறு ஏறும்.

பல்லடம் தறிக்காரர்:

பெட் ஸ்கேன் எடுத்தால் புற்று இருந்தால் எரியுமே, அதை எடுத்தால் ஒரே தடவையில் தெரிந்துவிடாதா? எங்கள் சின்னம்மாவுக்கு எடுத்தார்கள்.

தாராபுரத்துக்காரி:

அழற்சியும் பெட் ஸ்கேனில் வெளிச்சமாகத்தான் தெரியும். சர்க்கரை ஏறிக் கிடந்தால் படமும் மங்கும். வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க உதவும், இந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை.

அந்தியூர்ப் பையன்:

டாக்டரக்கா, நீங்கள் சொன்னபடி ஸ்டென்டைத் தள்ளிவைக்கக் கேட்டேன். காய்ச்சல் இல்லாததால் ஒத்துக்கொண்டார்கள். கொடியைக் கழற்ற அப்பா மாட்டேன் என்றார். அம்மா கறுப்புக் கயிறைச் சாமி முன்னால் வைத்து எடுத்துவந்து கட்டிவிட்ட பிறகு பேசாமல் கழற்றிக் கொடுத்தார். மூச்சடக்குவதில் டெக்னீஷியனே பாராட்டினார்.

அம்மா நெல் குதிருக்குப் பின்னாலிருந்து 2019 சிடி ஃபிலிமையும் தேடி எடுத்தார். ரிப்போர்ட்டைத் தமிழில் எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கட்டி இருக்கிற இடத்தில் கணையக் குழாய் திடீரென நின்றுவிடுகிறது, அங்கே கல் எதுவும் இல்லை. பித்தக் குழாயும் அதே இடத்தில் நிற்கிறது, இரண்டும் மேலே விரிந்திருக்கின்றன. 2019இல் தலைப் பகுதியில் கூட்டமாக இருந்த கற்கள் இப்போது கட்டியின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கின்றன. டிஃப்யூஷன் குறைவு. குடலுக்குப் போகிற பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கொழுப்பு தெளிவாக இருக்கிறது. கல்லீரலில் ஒன்றும் இல்லை. புற்றுநோய்க்கே வாய்ப்பு அதிகம் என்று முடித்திருக்கிறார்கள்.

சிஏ 19-9 என்று ஒரு ரத்தப் பரிசோதனை 210 வந்திருக்கிறது. 37க்குள் இருக்க வேண்டுமாமே. எண்டோஸ்கோபி வழியாக ஊசி வைத்துத் திசு எடுக்கலாமா என்று பேசுகிறார்கள். மாமா, ஊசி குத்தினால் பரவிவிடும், விடவே கூடாது என்கிறார். அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வது?

தாராபுரத்துக்காரி:

தம்பி, இதைப் படித்ததும் எனக்கும் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ரிப்போர்ட்டில் நல்ல வரிகள் இருக்கின்றன, அவற்றையும் பாருங்கள்.

சாய்வு ஏன் புற்று பக்கம் போகிறதென்றால், கோடு நின்ற இடத்தில் கல் இல்லை. பழைய கற்கள் இடம் மாறியிருக்கின்றன. அழற்சியில் கல்லும் தழும்பும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். நடுவில் புதிதாக ஒன்று வளர்ந்தால்தான் அவற்றை ஓரத்துக்குத் தள்ளும். அம்மா எடுத்துவைத்திருந்த அந்த ஃபிலிம் இல்லையென்றால் இந்த வரியை யாராலும் எழுதியிருக்க முடியாது. இரண்டு குழாயும் சேர்ந்து விரிந்திருப்பதை மட்டும் வைத்து நான் பயந்திருக்கமாட்டேன், அது நாள்பட்ட அழற்சியிலும் வரும்.

ரத்தக் குழாய்களைச் சுற்றிக் கொழுப்பு தெளிவாக இருப்பதும், கல்லீரல் சுத்தமாக இருப்பதும் பெரிய விஷயம். கட்டியை முழுதாக எடுக்க முடியும் என்பதற்கான அடையாளம். கணையப் புற்றோடு வருபவர்களில் பலருக்கு இந்த வாய்ப்பே இருப்பதில்லை.

சிஏ 19-9ஐ இப்போது நம்பாதீர்கள். பித்தம் அடைத்துக் காமாலை இருந்தாலே அது ஏறும், வெறும் அழற்சியிலும் ஏறும். சிலருடைய உடம்பு பிறவியிலேயே அதைச் சுரக்காது, அவர்களுக்குப் புற்று இருந்தாலும் ஏறாது. காமாலை இறங்கிய பிறகு எடுக்கிற அளவுக்குத்தான் மதிப்பு.

மாமாவின் பயம் பலருக்கும் உண்டு, அவர் அக்கறையில்தான் சொல்கிறார். எண்டோஸ்கோபி வழியாகத் தலைப் பகுதிக்குப் போகிற ஊசி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் துளைத்துப் போகும். கணையத் தலையை எடுக்கிற விப்பிள் ஆபரேஷன் செய்தால் அந்தப் பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடுவார்கள். ஊசி வழியில் பரவுவது மிக மிக அபூர்வம். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. நாள்பட்ட அழற்சி இருக்கிற கணையத்தில் ஊசி பல முறை தழும்பை மட்டும் எடுத்துக்கொண்டு வரும். புற்று இல்லை என்று ரிசல்ட் வந்தால், அப்பாடா என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விடாதீர்கள். படம் இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது அந்த ஒரு ரிசல்ட் போதாது.

எடுக்கக்கூடிய நிலையில் இருக்கிற, சந்தேகம் பலமான கட்டிக்குத் திசு பார்க்காமலே ஆபரேஷனுக்குப் போவது ஒப்புக்கொள்ளப்பட்ட வழிதான். முதலில் கீமோ கொடுக்கிறோம் என்றால் மட்டும் திசு முடிவு கட்டாயம் வேண்டும். ஆக, ஊசி வேண்டுமா என்பது அடுத்து என்ன சிகிச்சை என்பதைப் பொறுத்தது. புற்று என்று நினைத்து எடுத்த கணையத்தில் சில சமயம் வெறும் அழற்சிதான் இருந்தது என்று பிறகு தெரியவரும், அதையும் அறிந்துகொண்டே சம்மதியுங்கள். சர்ஜன், குடல் மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், ரேடியாலஜிஸ்ட் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்க்கிற கூட்டம் இருக்கிற ஆஸ்பத்திரியில் இதைக் காட்டுங்கள். அங்கே வருடத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அடிக்கடி செய்கிற இடத்தில் பிழைப்பு விகிதம் நன்றாக இருக்கிறது, இதில் கூச்சம் பார்க்க வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய், எது எது அதில் வரும் என்று கவுன்டரில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதற்கிடையில் எடை இன்னும் இறங்க விடாதீர்கள். மலம் எண்ணெய்ப் பிசுக்காக மிதந்தால் கணைய நொதி மாத்திரை எழுதித் தரச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், சாப்பிட்டு எழுந்து வெகு நேரம் கழித்துப் போட்டால் பலன் குறைந்துவிடும்.

அப்பாவிடம் சொல்லுங்கள். இத்தனை வருடம் வலியைத் தாங்கியவர், தன் உடம்பில் ஏதோ மாறியிருப்பது அவருக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

அந்தியூர்ப் பையன்:

ரொம்ப நன்றிங்க அக்கா. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னேன். "கல்லு இல்லைன்னு எனக்குத் தெரியும் சாமி, வலி முதுகுக்குப் போகுது" என்றார். எப்போது ஆபரேஷன் என்று கேட்டார், அறுவடைக்கு முன்னால் முடித்துவிடலாமா என்று கேட்டார்.

கோவையில் நீங்கள் சொன்ன மாதிரிக் கூட்டம் நடக்கிற ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. 2019 ஃபிலிம், புது சிடி, எம்ஆர்ஐ டிஸ்க் மூன்றையும் ஒரே பையில் போட்டு வைத்துவிட்டேன். மாமாவும் வருகிறார், ஊசியைப் பற்றி டாக்டரிடமே கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். நொதி மாத்திரை இன்றைக்கு வாங்கியாயிற்று. கஞ்சிக்கும் போட வேண்டுமா, சோற்றுக்கு மட்டுமா?

தாராபுரத்துக்காரி:

பாலோ கொழுப்போ சேர்ந்த எதற்கும் போட வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சித் தண்ணிக்கு அவசியமில்லை. எழுதிக் கொடுத்தவர் சொன்ன அளவிலேயே போடுங்கள். வியாழக்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.